ஐந்தாம் முறைத் தண்ணீர்

மதகுச் சக்கரத்தை அனார்கூல் மேலத் தெருப் பக்கமாகத் திருகி முடித்தபோது காலை மணி ஆறு. கீழத் தெருப் பலகை கிரீச்சிட்டு இறங்கி அடிக்கல்லில் உட்கார்ந்தது. மேலத் தெருப் பலகை எழும்ப எழும்ப, தண்ணீர் தலையைக் குனிந்துகொண்டு அதன் அடியில் நுழைந்து ஓடியது. சக்கரத்தைத் தண்டிலிருந்து கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். மலைக் கிராமமான சாரித்தாலில் மூராப் என்றால் அந்தச் சக்கரம் யார் தோளில் தொங்குகிறதோ அவர். ஊர்த் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற ஆள். போன வருடம் வரை அது ஆம்பிளை வேலை. போன வருடம் முறைத் தகராறில் மூராப்பின் முழங்கையை யாரோ மண்வெட்டிக் காம்பால் உடைத்தார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆணும் சக்கரத்தைத் தொட வரவில்லை. பாதிப் பேர் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேருக்கு முழங்கை வேண்டியிருந்தது. பெண் மேல் கை வைக்க மாட்டார்கள் என்ற ஒரே தகுதியில் அது அனார்கூலிடம் வந்தது.

மதகுச் சுவரில் சாக்கட்டியால் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: வட்டம், கோடு, கோடு, வட்டம், கோடு, வட்டம், வட்டம், கோடு. வட்டம் மேலத் தெரு, கோடு கீழத் தெரு. ஒவ்வொன்றும் ஒரு பகல், ஒரு இரவு. பெயர் எழுதினால் புருஷன் வழிப் பெரியவர்கள் பெயரெல்லாம் எழுத வேண்டி வரும். மருமகள் வாயாலும் சொல்லக் கூடாது, கையாலும் எழுதக் கூடாது. அதனால் வட்டமும் கோடும். ஆறாவது குறியான வட்டத்தின் மேல் இப்போது குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாள். அதற்கு முந்தின கோட்டையும் நேற்றே அடித்திருந்தாள். அந்த ஐந்தாவது குறியில் கண் கொஞ்ச நேரம் நின்றது. நேற்று முழுக்கத் தண்ணீர் கீழத் தெரு வாய்க்காலில்தான் ஓடியது. ஒரு பாத்தியும் நனையவில்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கா, மருமவளே?"

ஜொரோ கழுதை மேல் உட்கார்ந்தபடியே கேட்டார். மேலத் தெருக்காரர். அனார்கூலின் புருஷனுக்குப் பெரியப்பா முறை, அறுபது வயது. காலையில் தண்ணீர் தம் வாய்க்காலுக்குள் வருவதைக் கண்ணால் பார்க்காமல் அவருக்கு டீ இறங்காது.

"சரியா இருக்கு மாமா."

"இன்னைக்கு எங்களுது. நாளைக்கும் எங்களுது."

"சுவத்துல அப்படித்தான் இருக்கு."

"சுவத்துல இருக்கறதத்தான் நானும் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கழுதையைத் தட்டினார். அது நாலடி நடந்து நின்றது. திரும்பிப் பார்க்காமலே, "கொச்கோர் எழவு வீட்டுல அடுப்புக்கு வெறகு இருக்கான்னு கேளு. இல்லன்னா நான் ஒரு கட்டு அனுப்புறேன்" என்றார்.

மலைப் பனி ஜூலை பாதியோடு தீர்ந்துவிடும். அதுவரை இரண்டு வாய்க்காலும் ஒரே நேரத்தில் ஓடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் குறையும். முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். முன்பெல்லாம் ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டிப் போடுவார்கள். எலும்பு யார் பக்கம் விழுந்ததோ அந்தத் தெருவுக்கு முதல் நாள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பார்வைக்கு நியாயம். ஆனால் முதல் நாள் வாங்கினவனுக்கு ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரல் கூடுதல். நாற்பது நாளில் இருபது விரல். எலும்பு மூன்று வருடம் தொடர்ந்து மேலத் தெருப் பக்கம் விழுந்ததில்தான் முழங்கை உடைந்தது.

மார்ச் மாதம் பள்ளிக்கூடத்தில் கூடிய கூட்டத்தில் அனார்கூல் இதை வாயால் விளக்கிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. பிறகு டீக் கெட்டிலை எடுத்தாள். கெட்டில் டீயில் முதல் ஊற்று வெளிறி இருக்கும், போகப் போகச் சாயம் ஏறும். அதனால்தான் மூன்று தடவை கிண்ணத்தில் ஊற்றித் திரும்பக் கெட்டிலிலேயே கவிழ்த்துவிட்டு அப்புறம் ஊற்றுவார்கள். அவள் கவிழ்க்காமல் நேராக ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஏம்மா, டீ ஊத்தக்கூடவா உன் மாமியா சொல்லிக் குடுக்கல?" என்றாள் பக்கத்து வீட்டு தோத்துயா. கூட்டம் சிரித்தது.

இரண்டு கிண்ணம். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம், மறுபடி இதில், அதில். எட்டு ஊற்று முடிந்ததும் இரண்டையும் தூக்கிக் காட்டினாள். இரண்டாவது கிண்ணம் கறுத்திருந்தது. பிறகு வேறு கெட்டில், புது இலை. இந்தத் தடவை இதில், அதில், அதில், இதில். பிறகு அதையே தலைகீழாக அதில், இதில், இதில், அதில். ஜொரோ எழுந்து வந்து இரண்டு கிண்ணத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டையும் குடித்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேவலமா இருக்கு" என்றார்.

அதோடு ஒத்துக்கொண்டார்கள். ஜொரோ ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "ஒரே தெருவுக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்ல வருதே. பெறகு மூணு வரும், நாலு வரும். அப்ப எவன் கையை ஒடைக்கிறது?"

"ரெண்டு வரும் மாமா. மூணு வராது. நாப்பது நாள் இல்ல, நாப்பதாயிரம் நாள் போனாலும் வராது."

"சத்தியம் பண்ணுவியா?"

"சத்தியம்லாம் எதுக்கு? வராது, அவ்வளவுதான்."

அவ்வளவு உறுதியாகப் பேச அவளால் முடிந்ததற்குக் காரணம், கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு நோட்டு. ஓஷ் நகரத்துக் கல்லூரியில் கணிதம் படித்தபோது பட்டத்துக்காக எழுத ஆரம்பித்தது. ஒரு வட்டம் போடு. இருக்கிறதில் வட்டத்தைக் கோடாக, கோட்டை வட்டமாக மாற்றிப் பக்கத்தில் எழுது: வட்டம், கோடு. மறுபடி மொத்தத்தையும் மாற்றிப் பக்கத்தில் எழுது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் முடிவே இல்லை, ஆனால் ஒரு இடத்தில்கூட ஒரே துண்டு மூன்று தடவை அடுத்தடுத்து வராது. வட்டத்தைப் பூஜ்யமென்றும் கோட்டை ஒன்றென்றும் வைத்து முன்னால் ஒரு புள்ளி குத்தி, இரண்டின் அடிமானத்தில் வாசித்தால் அது ஒரு எண். பாதியைவிடக் குறைவு, ஐந்தில் இரண்டைவிடக் கொஞ்சம் கூட. விஞ்சிய எண் என்பார்கள். முழு எண்களை வைத்து எத்தனை பெரிய சமன்பாடு கட்டினாலும் அதன் விடையாக வந்து மாட்டாது. இவ்வளவு எளிதாகச் செய்கிற ஒன்று எந்த வலையிலும் விழாது என்பதுதான் அவளை அப்போது பிடித்துக்கொண்டது. புத்தகத்தில் அந்த எண்ணுக்கு இரண்டு மூன்று பேர் பெயரைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அவர்களில் எவருக்கும் வெங்காயக் கொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். ஆறு வாரம் பாக்கி இருந்தபோது கல்யாணம் ஆனது. நோட்டு இப்போது மெத்தைகளுக்கு அடியில் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்காக அவள் அழுதது கிடையாது. நேரமும் இருந்ததில்லை.

கொச்கோர் செத்தது ஐந்தாம் முறை நாளின் விடியற்காலையில். கீழத் தெரு டிராக்டர்க்காரன், ஐம்பத்தொன்பது வயது, தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்கு அனார்கூல் மதகைக் கீழத் தெருவுக்குத் திருப்பிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போனாள். அதற்குள் முற்றத்தில் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே பெண்கள் ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். தெருவிலிருந்த மண்வெட்டி எல்லாம் குழி வெட்டப் போய்விட்டது. மய்யத்து மண்ணுக்குப் போய் அந்த மண்வெட்டி மறுநாள் காலை திரும்புகிறவரை செத்தவன் தெருவில் யாரும் கொல்லையில் மண்ணைத் தொட மாட்டார்கள். இது பேசி வைத்ததில்லை, அப்படித்தான். இரண்டு தெருவும் அங்கேதான் இருந்தது.

அவள் கொல்லைப்புறம் உட்கார்ந்து எண்ணெயில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வாக்கில் கரண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு கொல்லைக்கும் தண்ணீர் நுழைகிற வாமடை அடைத்துக் கிடக்கிறது, அத்தனையும் கடைசி ஓடையில் விழுந்து பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைய நாளை மேலத் தெருவுக்கு விட்டுவிட்டு, அவர்களுடைய நாளைய நாளைக் கீழத் தெரு எடுத்துக்கொள்ளலாம். ஜொரோவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ஆள் அனுப்பிப் பாய்ச்சச் சொல்லிவிடுவார். புகைக்கு நடுவில் எட்டிப் பார்த்தாள். குழி வெட்டிவிட்டு வந்த ஆண்கள் சுவரோரம் நின்று டீ குடித்தார்கள். ஜொரோவின் சட்டை முழுக்கச் செம்மண். கண் சிவந்திருந்தது. மய்யத்து வீட்டில், ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் போய், பெயர் சொல்லக் கூடாத பெரியவரை, தண்ணீர் பேச வேண்டும் வாங்க என்று ஒரு மருமகள் எப்படிக் கூப்பிடுவாள்? கரண்டி எண்ணெய்க்குள் இறங்கியது. மாவுத் துண்டு ஒரு பக்கம் கருகிவிட்டது.

இதெல்லாம் நேற்று.

இன்று மதியம் தன் வெங்காயக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது தோத்துயாவும் இன்னும் நாலு பெண்களும் வரப்பில் வந்து நின்றார்கள். தோத்துயா கையில் மண்வெட்டி. அதன் இலையில் குழிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் வெங்காயம் அனார்கூல் கொல்லைக்கு அடுத்தது.

"மூராப்பு அம்மா, ஒரு கணக்கு சொல்லு. நீ பெரிய படிப்பு படிச்சவ. நமக்குக் கடைசியா எப்ப தண்ணி வந்துச்சு?"

"மூணாம் முறையில."

"அடுத்து?"

"எட்டாம் முறையில."

"நடுவுல நாலு நாள். மேலத் தெருவுக்கு நாலாம் முறை, ஆறாம் முறை, ஏழாம் முறை. நமக்கு நடுவுல ஒண்ணும் பாயல. மூணு வராது, நாப்பதாயிரம் நாள் போனாலும் வராதுன்னு எவளோ சொன்னாளே, அவ எங்க இருக்கான்னு பாத்துட்டுப் போக வந்தோம்."

அனார்கூல் குனிந்து ஒரு வெங்காயத்தின் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் விறைப்பு இருந்தது. தாளின் நுனி மட்டும் பழுத்திருந்தது. இப்போதுதான் காய் பருக்கிற நேரம். மண் கப்பிக்கல்லும் மணலும், மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் தாள் துவளும். ஐந்தாம் நாள் கழுத்து சாய்ந்துவிட்டால் அதற்கு மேல் தண்ணீரைக் கொண்டுபோய்க் குளமாகக் கட்டினாலும் காய் பருக்காது. கோலிக்குண்டு மாதிரி நின்றுவிடும்.

"நாளைக்கு நம்ம பக்கம் திருப்பு" என்றாள் தோத்துயா. குரல் இறங்கிவிட்டது. "நேத்து போன நாளைத் திருப்பிக் குடு. வேற ஒண்ணும் கேக்கல. கொச்கோர் பொண்டாட்டி வெங்காயமும் இங்கதான் நிக்குது. அவ வெளிய வர நாப்பது நாளாகும்."

"நாளைக்கு அவங்க முறை அக்கா."

"முறை! உன் கொல்லைக்கும் சேத்துத்தானே கேக்குறேன், கல்லு மாதிரி நிக்கிறியே."

அதுதான் விஷயம். அவள் கொல்லையும் இதில் இருந்தது.

இரண்டு மணிக்குப் புருஷன் தலாய்பெக் போனில் கூப்பிட்டான். நோவசிபிர்ஸ்க்கில் பன்னிரண்டாவது மாடியில், சாப்பாட்டு இடைவேளையில், சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். நாலு வயது மகளுக்கு அப்பா என்றால் இந்தச் சதுரக் கண்ணாடிதான். வாங்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். இந்த வருடம் வெங்காயம் நன்றாக வந்தால் அக்டோபரில் வந்துவிடுவான், திரும்பப் போக மாட்டான். வசந்தத்தில் அவர்கள் பேசி முடித்த ஒரே விஷயம் அது. வேறு பயிர் எதுவும் அவர்கள் போடவில்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"திருப்பிடு" என்றான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சக்கரம் உன் தோள்ல இருக்கு."

"அதான் யோசிக்கிறேன்."

"மேலத் தெருக்காரன் கத்துவான். கத்தட்டும். உன் மேல கை வைக்க மாட்டான்."

"கை வைக்க மாட்டாங்கன்னுதான் எனக்கு வேலை குடுத்தாங்க. நான் என் கொல்லைக்குத் தண்ணி திருப்பிக்கிறதுக்கு இல்ல."

"அனார், நான் இங்க பனிரெண்டு மாடி ஏறி எறங்குறேன். லிப்ட் கெடையாது. இன்னொரு குளிர்காலம் இங்க இருக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

பின்னால் யாரோ அவனைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார்கள். படம் ஆடி நின்றுவிட்டது.

மெத்தைகளை இறக்கிப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தாள். மகள் அந்த மெத்தைக் குவியல் மேல் ஏறி உருண்டாள். முப்பத்தெட்டுப் பக்கம், நீல மையில், ஒழுங்கான கையெழுத்து. யாருடைய கையெழுத்து என்று தோன்றியது. கடைசித் தாளின் வெற்றுப் பக்கத்தில் எட்டுக் குறிகளையும் எழுதினாள். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் புதிதாக ஒரு கோட்டைச் செருகினாள். அதற்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போனது. வாசித்துப் பார்த்தாள்: வட்டம், கோடு, வட்டம், கோடு, வட்டம். அந்த எண்ணில் எவ்வளவு தூரம் தேடிப் போனாலும் இப்படி ஐந்து சேர்ந்து வராது. தெரிந்தவன் பார்த்தால் இங்கேதான் கிழிந்து தைத்திருக்கிறது என்று விரல் வைத்துவிடுவான்.

ஆனால் நோட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: இலக்கங்களில் ஒன்றைச் செருகினாலும் எடுத்தாலும் வருகிற எண் பழையதிலிருந்து ஒரு பெருக்கல், ஒரு பின்னம் தள்ளித்தான் இருக்கும், விஞ்சிய எண் விஞ்சிய எண்ணாகவே நிற்கும். அதை நிறுவ நாலு வரி போதுமாக இருந்தது. எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் அது அதன் பாட்டுக்குப் போகும், எந்த வலையிலும் விழாது. விழுகிறவர்கள் எல்லாம் வாய்க்கால் கரையில் இருக்கிறவர்கள்தான். நாளைக்கு ஒருத்திக்குப் பிரசவம் என்பார்கள், ஒருவன் மகள் கல்யாணம் என்பான், ஒரு நாள் செருகு என்பான். மூராப் கீழத் தெருக்காரி, அவள் வெங்காயம் வாடினபோது செருகினாளே என்பார்கள். அதற்குப் பிறகு சுவரில் எழுதியிருப்பதை யார் மதிப்பார்கள்? திரும்பவும் எலும்பு, திரும்பவும் முழங்கை.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு தெருவையும் மதகுக்கு வரச் சொன்னாள். மேலத் தெரு ஆண்கள் ஒரு பக்கம், கீழத் தெருப் பெண்கள் ஒரு பக்கம். அனார்கூல் நடுவில், சுவரில் சாய்ந்து நின்றாள். சக்கரம் தோளில் கனத்தது.

"நேத்து மதகை உங்க பக்கம் மாத்திவிட்டு உங்க ஒரு நாளை எங்களுக்கு வாங்கியிருக்கணும்" என்றாள் ஜொரோவைப் பார்க்காமல். "செய்யல. மய்யத்து வீட்டுல கேக்க வாய் வரல. தப்பு என்னுது. நாளைக்குக் கீழத் தெருவுக்கு விடுறேன். நாளான்னைக்கு உங்க ஏழாம் முறை. அதுக்கு மேல சுவத்துல உள்ளபடி."

மேலத் தெருப் பக்கம் சத்தம் எழும்பியது. ஜொரோ கையைத் தூக்கி அடக்கினார்.

"மருமவளே, கொச்கோரும் நானும் ஒண்ணாப் பட்டாளத்துக்குப் போனவங்க. அவன் குழியில மொத வெட்டு என்னுது. பாறை. மண்வெட்டி வாய் மடங்கிப்போச்சு. அதுக்காக நான் யாருகிட்டயும் தண்ணி கேக்கல."

"கேக்கறதுக்கு உனக்கு என்ன? உன் கொல்லையிலதான் தவளை கத்துதே!" என்றாள் தோத்துயா.

"உன் சத்தத்துக்கு அது தேவல" என்றார் ஜொரோ. பிறகு அனார்கூல் பக்கம் திரும்பினார். "நீ ஒரு நாள் நடுவுல வச்சா எங்களுக்கு மீதி இருக்கற ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தள்ளிப் போவுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு விரல் கொறையும். சரியா?"

"சரி. எங்களுக்கும் அப்படித்தான் கொறையும். போன நாள் தண்ணியும் நாளைத் தண்ணியும் ஒண்ணு இல்ல, ரெண்டு விரல் கம்மி. அதையும் நாங்கதான் ஏத்துக்கிறோம்."

"ம்." அவர் கணக்கைத் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அது சரி. ஆனா உன் வெங்காயமும் அதுல நிக்குதே. நாளைக்கு ஊருல எவனும் அதைத்தானே பேசுவான். நான் பேச மாட்டேன். என் பொண்டாட்டி பேசுவா. அவ பேசுனா ஊரு பேசுன மாதிரி."

யாரோ சிரித்தார்கள். அனார்கூல் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவள் மதியமே வந்து சேர்ந்திருந்தாள். வேறு வழி இருக்கிறதா என்று இவ்வளவு நேரம் தேடினதுதான் மிச்சம்.

"நாளைக்கு என் வாமடை திறக்காது. என் பங்கு ஒரு மணி நேரம். நாளான்னைக்குக் காலையில ஆறுக்குப் பதிலா அஞ்சு மணிக்கே உங்க பக்கம் திருப்பிவிடுறேன்."

மதகை மாற்றாமலே விட்டிருந்தால் அவளுக்கு எட்டாம் நாள் தண்ணீர் வந்திருக்கும். மாற்றினால் ஒன்பதாம் நாள். கீழத் தெருவில் எல்லார் வெங்காயமும் பிழைக்கும், அவளுடையதைத் தவிர. கூட்டத்தில் அந்தக் கணக்கைப் போட ஜொரோவுக்கு மட்டும் தெரிந்தது. அவர் முகத்தில் அது வந்து நின்றதை அவள் பார்த்தாள்.

"உன் புருஷன் என்ன சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவரு மதகுல நிக்கல மாமா. நான் நிக்கிறேன்."

"பைத்தியக்காரி" என்றாள் தோத்துயா. அவளுக்கும் இப்போது புரிந்துவிட்டது. "ஒரு மணி நேரம் எல்லாரும் ஆளுக்கு மூணு நிமிஷம் குடுத்தா உனக்கு ஆகிப்போவும்டி..."

"யாரும் குடுக்க வேணாம். குடுத்தா எனக்காகச் செருகினதாத்தான் ஆகும்."

ஜொரோ சாக்கட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். அப்படி அவர் வாங்கக் கூடாது, மூராப்பின் சாக்கட்டி அது. ஆறாவது குறிக்கும் ஏழாவது குறிக்கும் நடுவில் இடமில்லாததால் கொஞ்சம் மேலே, கோணலாக, அவரே ஒரு கோடு கிழித்தார். பிறகு கழுதையைத் தேடிக்கொண்டு போனார்.

மறுநாள் தண்ணீர் கீழத் தெருவில் இறங்கியது. தலைமடையிலிருந்து ஒவ்வொரு கொல்லையாகத் திறந்து அடைத்துக்கொண்டு வந்தார்கள். கொச்கோர் வெங்காயத்துக்கு அனார்கூலே பாய்ச்சினாள், வெடிப்புகள் சொத் சொத்தென்று தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பதினொரு மணிக்குத் தண்ணீர் அவள் கொல்லை ஓரம் வந்தது. வாமடையில் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை இரண்டு வரிசையாக வைத்து, கிழிந்த கோணியைத் திணித்து அடைத்திருந்தாள். தண்ணீர் அதன் மேல் முட்டி, ஒரு சுழி சுழித்து, தோத்துயா கொல்லைக்குப் போனது. தோத்துயா அங்கே முழங்கால் வரை பாவாடையைச் செருகிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. காலையிலிருந்து பேசவும் இல்லை.

எதிர்க்கரையில் முசுக்கொட்டை மரத்தடியில் கழுதையைக் கட்டிவிட்டு ஜொரோ உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று தெரியும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ரொட்டியைப் பிட்டு ஒரு வாய், முலாம்பழம் ஒரு வாய் என்று நிதானமாகத் தின்றார். கண் வாமடையில் இருந்தது.

அனார்கூல் தன் பாத்திகளைப் பார்த்தாள். நேற்றைவிடத் தாள்கள் சாம்பல் பூத்திருந்தன. ஓரத்து வரிசையில் இரண்டு மூன்று துவண்டு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பையில் செல்போன் துடித்தது. யாரென்று எடுத்துப் பார்க்கவில்லை. துடித்து நின்றது.

காலடியில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். கோணிக்கு அடியில், கட்டிகள் சேர்கிற இடத்தில், நூல் மாதிரி ஒரு கசிவு. காலணியின் ஓரத்தை நனைத்துவிட்டு, காய்ந்த மண்ணில் கறுப்பாக ஒரு விரற்கடை இறங்கி நின்றது. பிறகு இன்னொரு விரற்கடை. முதல் வரிசையின் முதல் வெங்காயத்துக்கு ஒரு சாண்தான் இருந்தது. அவள் உட்கார்ந்து ஈரமண்ணை ஒரு கை அள்ளி உருட்டிப் பிசைந்தாள். நிமிர்ந்தபோது ஜொரோ ரொட்டித் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டு, எதையோ தேடுகிறவர் போல முதுகைக் காட்டித் திரும்பிக் கழுதையின் சேணத்தை அவிழ்க்க ஆரம்பித்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது, அவிழ்க்க ஒரு காரணமும் இல்லை. மண் உருண்டை அவள் உள்ளங்கையில் சில்லென்று கனத்தது. கசிவு இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது.